வேண்டியவர் என்றால் சரியல்ல

1991, தை மாசம் முடியப் போற நேரம். ஒரகடத்துலேருந்து ஸ்ரீபெரும்புதூர் போற ரோடு. இன்னிக்கு அந்தப் பக்கம் கார்ல பறக்குறவங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க, அப்ப அது ஒத்த ரோடு. எதிர்ல பஸ் வந்தா நாம மண்ணுல எறங்கி வழி விடணும். வயலும் ஏரியுமா போயிட்டே இருக்கும், நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணா கம்பெனி. அதுல ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல எனக்கு வேலை. நட்டு, போல்ட்டு, பேரிங் எடுத்துக் குடுக்கணும். கேட்டதைக் குடுத்துட்டு கையெழுத்து வாங்கிக்கணும். இதுக்கு மேல மூளைய யூஸ் பண்ணா சூப்பர்வைசர் திட்டுவாரு.

வூடு படப்பை. செகண்ட் ஹேண்டுல ஒரு பைக் வாங்கி ஓட்டிக்கினு இருந்தேன். அந்த ரோட்டுலயே ஹெல்மெட் போட்டுக்கினு போற ஒரே ஆள் நான்தான். ஏரிக்கரையில மாடு மேய்க்கிறவங்க என்னைப் பார்த்து, "தலையில சட்டி கவுத்துக்கினு போறான் பாரு"ன்னு சிரிப்பாங்க. பாதுகாப்பு மேல இருந்த அக்கறைன்னு நீங்க நெனச்சிடாதீங்க. அப்ப எனக்கு முடி இருந்துச்சு. முன்னாடி அலை அலையா ஏத்தி சீவியிருப்பேன். காத்துல கலைஞ்சு செம்மண்ணு ஒட்டிச்சுன்னா அவ்ளோதான், சாயந்திரம் வரைக்கும் தேங்கா நாரு மாதிரி நிக்கும். ஹெல்மெட்டுக்குள்ள அமுங்கினா சீப்பு போட்டதும் எழுந்துக்கும். என் உசுரைக் காப்பாத்துனது அந்த முடி மேல இருந்த ஆசைதான். இப்ப ஆசை மட்டும்தான் இருக்கு.

அன்னிக்கு ரோட்டுல ஒரு பாதிக்கு கொள்ளுச் செடி பரப்பி வெச்சிருந்தாங்க. எங்க பக்கம் அது வழக்கம். அறுத்ததை ரோட்டுல போட்டுட்டா, போற வர வண்டியெல்லாம் ஏறி ஏறி மணி தனியா உதிர்ந்துடும். ஆள் கூலி மிச்சம். ஓரத்துல கல்லு வெச்சு எல்லை கட்டியிருப்பாங்க. எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு சைக்கிள்ல ரோட்டோட இடது ஓரமா போயிட்டு இருந்தாங்க. கொள்ளு இருந்தது எதிர்ப்பக்கம். எதிர்ல ஒரு லோடு வேன் நல்ல ஸ்பீடுல வந்துச்சு. கடைசி நேரத்துலதான் கல்லு அவன் கண்ணுல பட்டிருக்கணும். ஸ்டியரிங்கை ஒடிச்சு எங்க பக்கம் ஏறிட்டான்.

மொதல்ல சைக்கிள். அப்புறம் நான். பிரேக் போட்டேன், ஆனா எங்க பக்கமும் கொள்ளு சிதறிக் கெடந்துச்சு. எங்க ஸ்டோர்ஸ்ல இருக்குற பால்ரஸ் குண்டு மாதிரி டயருக்கு அடியில உருண்டுடுச்சு. நான் பறந்து போய் அந்தக் கொள்ளுக் குவியல்லயே தலைகுப்புற விழுந்தேன். தலை நேரா கல்லு மேல. ஹெல்மெட் ரெண்டா பொளந்துச்சு, தலை பொளக்கல. காறை எலும்பு போச்சு. அந்தப் பொண்ணு விழுந்தது தார் ரோட்டுல. வலது கால் முட்டிக்குக் கீழ எப்படி மடங்கக் கூடாதோ அப்படி மடங்கி இருந்துச்சு.

கொள்ளு போட்டவங்களே ஓடி வந்து எங்க ரெண்டு பேரையும் டிராக்டர் டிரெய்லர்ல வைக்கோல் போட்டு படுக்க வெச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போன முதல் பயணம் அதான். அந்தப் பொண்ணு அழல. மெல்ல என் பக்கம் திரும்பி, "சைக்கிள் இன்னா ஆச்சுங்க? அது பக்கத்து வூட்டு சைக்கிளு"ன்னு கேட்டாங்க.

"நல்லாத்தான் கீது, கொஞ்சம் ரெஸ்ட் எடுக்குது"ன்னேன். அந்த சைக்கிளோட முன் சக்கரம் எட்டு நம்பர் மாதிரி ஆயிருந்துச்சு. அந்த வலியிலயும் அவங்க உதட்டு ஓரத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. எனக்கு அப்பவே தோள் எலும்போட வேற ஏதோ ஒண்ணும் நகர்ந்துடுச்சுன்னு நெனக்கிறேன்.

ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டாங்க, "நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

யோசிக்காம சொன்னேன், "கூட விழுந்தவன்."

நர்ஸ் முறைச்சாங்க. அந்தப் பொண்ணு கண்ணு மூடியிருந்துச்சு.

அந்தப் பொண்ணுக்கு ஊரு வடக்குப்பட்டு. ஷூவுக்கு மேல் தோல் தைக்கிற கம்பெனியில மெஷின்ல வேலை. அந்த மெஷினோட பெடலை வலது காலாலதான் மிதிக்கணும். பின்னாடி மாவுக்கட்டு பிரிச்சப்ப கால் கொஞ்சம் குட்டையா, கோணலா சேர்ந்திருந்துச்சு. இன்னொரு ஆபரேஷன் பண்ணினா நேராகும், அதுக்குக் கிளெய்ம் வந்தாத்தான் வழின்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவங்க அப்பாவுக்குக் கொஞ்சம் நெலம், நெறைய ஜெபம். எதைச் சொன்னாலும் "கர்த்தர் பார்த்துக்குவாரு தம்பி"ம்பாரு.

நாங்க ஆஸ்பத்திரியில இருந்த மொத வாரமே, கர்த்தர் பார்த்துக்கினு இருக்கும்போதே, வேன்காரன் சைடுலேருந்து ஒரு ஆள் சாத்துக்குடியோட வார்டுக்கு வந்தான். போலீஸ், கோர்ட்டுன்னு அலைய வேணாம், பேசி முடிச்சுக்கலாம்னு வெத்துப் பேப்பரை நீட்டினான். பெரியவரு பேனாவை வாங்கிட்டாரு. நான் அடுத்த வார்டுலேருந்து கையைக் கழுத்துல தொங்க விட்டுக்கினு பொண்ணு எப்படி இருக்குன்னு பாக்க, சரி, பொண்ணைப் பாக்க வந்தவன், அதைப் பார்த்துட்டேன். எங்க கம்பெனி யூனியன்ல ஒருத்தருக்கு இதே மாதிரி நடந்து, கையெழுத்து போட்ட பாவத்துக்கு அவரு ஒண்ணும் கெடைக்காம நின்னது எனக்குத் தெரியும்.

"ஐயா, எழுதாத பேப்பர்ல போடாதீங்க. எஃப்.ஐ.ஆர். ஆகட்டும், ஒரு வக்கீலைப் பாப்போம். சாத்துக்குடி வேணும்னா வாங்கிக்குங்க"ன்னேன்.

ஐயான்னு அவரைக் கூப்பிடுறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாக்கு நுனியில மாமான்னு வந்து நிக்கும், முழுங்கிடுவேன்.

யூனியன் மூலமாவே காஞ்சிபுரத்துல ஒரு வக்கீல் கெடைச்சாரு. எனக்கு ஒரு மனு, அவங்களுக்கு ஒரு மனு, ரெண்டுக்கும் ஒரே விபத்து, ஒரே கோர்ட்டு. பணம் இன்சூரன்ஸ்லேருந்துதான் வரணும், ஆனா தப்பு வேன் மேலன்னு நாமதான் நிரூபிக்கணும்னு வக்கீல் சொன்னாரு. வேன்காரன் எழுதிக் குடுத்திருந்தது, சைக்கிள் திடீர்னு குறுக்க வந்துச்சு, அதைக் காப்பாத்தப் போய்த்தான் இதெல்லாம் ஆச்சுன்னு. அதைக் கோர்ட்டு நம்பிட்டா அவங்களுக்கு ஆபரேஷனும் கெடையாது, மெஷினும் கெடையாது. கொள்ளு போட்டவங்க சாட்சி சொல்ல வர மாட்டேன்னுட்டாங்க, ரோட்டை மறிச்சதுக்கு அவங்க மேலயே கேஸ் திரும்பிடும்னு பயம். பார்த்தவன்னு மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான்.

அப்புறம் ஆரம்பிச்சுது வாய்தா. ஒரு தடவை ஜட்ஜ் லீவு. ஒரு தடவை வக்கீலுங்க ஸ்ட்ரைக்கு. ஒரு தடவை வேன் ஓனருக்குச் சம்மன் போய்ச் சேரல. மத்த பார்ட்டியெல்லாம் கோர்ட்டு வாசல்ல நின்னு தலைல அடிச்சுப்பாங்க. அந்தக் கோர்ட்டு கட்டினதுலேருந்து வாய்தா போடணும்னு சாமியை வேண்டிக்கினு வந்த ஒரே மனுதாரர் நானாத்தான் இருப்பேன்.

படப்பையில பஸ் ஏறி, ஒரகடம் கூட்ரோட்டுல அப்பாவும் பொண்ணும் ஏறுற வரைக்கும் ரெண்டு சீட்டுல துண்டு போட்டு வெச்சிருப்பேன். கண்டக்டர் திட்டிக்கினே வருவாரு. கூட்ரோடு வந்ததும் அவங்க கம்பியைப் புடிச்சுக்கினு, வலது காலை ஒரு கையால தூக்கி படிக்கட்டுல வெச்சு ஏறுவாங்க. எறங்கிப் போய் கை குடுக்கணும்னு ஒவ்வொரு தடவையும் தோணும். கண்டக்டருக்கு அவங்க 'அண்ணே'. டீக்கடைக்காரருக்கு 'அண்ணா'. கோர்ட்டுல பேரு கூப்பிடுற டவாலிக்கும் 'அண்ணா'. வக்கீல் குமாஸ்தாவுக்கு என்னை விட வயசு கம்மி, அவனும் 'அண்ணா'. என்னை மட்டும் "இன்னாங்க". அத்தனை வாய்தாவுல ஒரு தடவை கூட அந்த அண்ணா என் பக்கம் வரல. அதை வெச்சுக்கினு நான் படப்பையிலேருந்து காஞ்சிபுரம் வரைக்கும் கட்டின கோட்டையெல்லாம் சொன்னா, பஞ்சாயத்துல அப்ரூவல் கெடைக்காது.

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுல பஸ் கொஞ்சம் நிக்கும். அப்பா டீ குடிக்க எறங்குவாரு. அந்த நேரம் மட்டும்தான் நாங்க பேசுவோம். என்னத்த பேசினோம்? என் கம்பெனி கேன்டீன் சாம்பாரு, அவங்க கம்பெனி லைன் சூப்பர்வைசரம்மா, வேலைக்குத் திரும்பப் போனா மறுபடி அதே மெஷின் கெடைக்குமான்னு. ஒரு தடவை என் செருப்பைப் பார்த்து, "இன்னாங்க, இந்தத் தையலு ஒரு மாசம் கூடத் தாங்காது"ன்னாங்க. ரெண்டே வாரத்துல அறுந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல. தச்சு தச்சுப் போட்டுக்கினு இருந்தேன்.

அவங்க மனுவுல என் சாட்சி எடுக்குற நாள் நெருங்கினப்ப வக்கீல் என்னைத் தனியா கூப்பிட்டாரு. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்.

"தம்பி, கூண்டுல ஏறி ஜோக்கு அடிக்காத. அந்தப் பொண்ணு பக்கம் திரும்பாத. அது உனக்கு வேண்டியவங்களான்னு கட்டாயம் கேப்பாங்க. நீ கொஞ்சம் வழிஞ்சாலும் போதும், ஆகுற கேஸு கெட்டுடும். வேண்டியவங்களுக்காகச் சொல்ற சாட்சியை யாருய்யா நம்புவா? இல்லன்னு ஒரே வார்த்தை. புரியுதா?"

"புரியுது சார்."

"தீர்ப்பு வர்ற வரைக்கும் கோர்ட்டு வாசல்ல ஒண்ணா டீ கூட குடிக்காதீங்க."

சாட்சி அன்னிக்குக் கூண்டுல ஏறினேன். கடவுள் அறிய உண்மைன்னு சத்தியம் பண்ணேன். எங்க வக்கீல் கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கா சொன்னேன். சைக்கிள் ஓரமாத்தான் போச்சு, வேன்தான் ஏறி வந்துச்சு. அப்புறம் எதிர் வக்கீல் எழுந்தாரு. ஹெல்மெட்லேருந்து ஆரம்பிச்சாரு. ஹெல்மெட் போட்டா சைடுல ஒண்ணும் தெரியாது, நீ எதையும் பார்த்திருக்க முடியாதுன்னாரு.

"முன்னாடி போன சைக்கிளைப் பாக்க சைடுல தெரியணும்னு அவசியமில்ல சார். கண்ணாடியையும் தூக்கித்தான் விட்டிருந்தேன். எறக்கி விட்டா ஊருக்கு என் மூஞ்சி தெரியாதே"ன்னேன். ஜட்ஜுக்கே சிரிப்பு வந்துடுச்சு. எங்க வக்கீல் மட்டும் என்னைப் பார்த்துப் பல்லைக் கடிச்சாரு.

அப்புறம் வந்துச்சு அந்தக் கேள்வி. எதிர் வக்கீல் ஃபைலைப் புரட்டிக்கினே, சர்வ சாதாரணமா, "மனுதாரர் உனக்கு வேண்டியவர்தானே?"

வேண்டியவர். வூட்டுல எத்தனையோ தடவை சொல்ற வார்த்தைதான். கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டியவங்க, தெரிஞ்சவங்க, சொந்தம். அன்னிக்குத்தான் அந்த வார்த்தையை உள்ளாற திறந்து பார்த்தேன். ஒருத்தருக்கு வேணும்னு இருக்குறவங்கதான் வேண்டியவங்க. அவங்க அப்பா பக்கத்துல, பெஞ்சுல, காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. என்னையே பார்த்துக்கினு இருந்தாங்கன்னு திரும்பாமலே தெரிஞ்சுச்சு.

"இல்ல"ன்னேன்.

சத்தம் வரலயோன்னு சந்தேகம். இன்னொரு தடவை சொன்னேன். ஜட்ஜ் அந்த ஒரு வார்த்தையை நீட்டி டைப்பிஸ்ட்டுக்குச் சொன்னாரு: "மனுதாரர் எனக்கு வேண்டியவர் என்று சொன்னால் சரியல்ல. அவருக்காக நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல." மெஷின் டக டகன்னு அதை அடிச்சுது. கீழ நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்டோர்ஸ்ல எத்தனையோ பேரு கையெழுத்தை வாங்கியிருக்கேன், போடுறது இவ்ளோ கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

திரும்பி வர்றப்ப பஸ்ல அப்பா நல்லாத் தூங்கிட்டாரு. வாலாஜாபாத் தாண்டியிருக்கும். அவங்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கினே, "பசிக்குது என்று சொன்னால் சரியல்ல"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு தாங்கல. "கால் வலிக்குதா?"ன்னேன்.

"வலிக்குது என்று சொன்னால் சரியல்ல."

"கோவமா?"

கொஞ்ச தூரம் போனப்புறம் மெல்ல சொன்னாங்க. "கூட விழுந்தவன்னு சொல்லியிருக்கலாம்ல?"

நான் ஆடிப் போயிட்டேன். ஆஸ்பத்திரியில கண்ணை மூடிக்கினு அதைக் கேட்டிருக்காங்க. இத்தனை நாளா வெச்சிருந்திருக்காங்க. ஒருத்தன் வாயைத் தொறந்து ஒழுங்கா ஒண்ணு சொல்ல வேண்டிய எடம் அதான். ஆனா எனக்குப் பயம் வந்தா ஜோக்குதான் வரும், சின்ன வயசுலேருந்தே அப்படி.

"அப்படிச் சொல்லியிருந்தா உங்க கேஸும் கூட விழுந்திருக்கும்"ன்னேன்.

சிரிச்சாங்க. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. ஒரகடம் வந்ததும் அப்பாவை எழுப்பி, காலைத் தூக்கி வெச்சு எறங்கினாங்க. கீழ நின்னு நிமிர்ந்து பார்த்து, "அடுத்த வாய்தாவுல பாப்போம்"னாங்க.

தலையாட்டினேன். தீர்ப்பு வந்துட்டா அப்புறம் யார் எனக்கு வேண்டியவங்கன்னு எந்த வக்கீலும் கேக்க முடியாது, அன்னிக்கு ஜோக்கு இல்லாம நேராவே சொல்லிடணும்னு அந்த பஸ்லயே முடிவு பண்ணேன். அவங்க கோயில் வேற, எங்க கோயில் வேற, வூட்டுல ரகளை ஆகும், ஆகட்டும். அடுத்து வந்ததே தீர்ப்புத் தேதிதான். புதுச் சட்டை, புதுச் செருப்பு. செருப்புல தையலைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிச்சேன். ஒரகடம் கூட்ரோட்டுல பஸ் நின்னுச்சு. யார் யாரோ ஏறினாங்க. கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு.

அடுத்த பஸ்ல வருவாங்கன்னு கோர்ட்டு வாசல்லயே நின்னேன். வக்கீல் வந்து என் சட்டையைப் பார்த்தாரு.

"தீர்ப்புக்கு எதுக்குய்யா பார்ட்டி வரணும்? காப்பி வாங்கிக் குடுத்துடுவோம்ல. அந்தப் பெரியவரு கேட்டாரு, வர வேணாம்னுட்டேன். கால் முடியாத பொண்ணை எதுக்கு இழுத்தடிக்கணும்?" அப்புறம் என் தோளைத் தட்டினாரு. "ஜெயிச்சாச்சுய்யா. உன் சாட்சியைத்தான் ஜட்ஜு அப்படியே எடுத்துக்கினாரு. வேண்டியவர் இல்ல, அதனால நம்பலாம்னு எழுதியிருக்காரு."

வாய்தாவா அள்ளிக் கொட்டின கோர்ட்டு, எனக்கு வேணும்னப்ப ஒரு வாய்தா கூடக் குடுக்கல.

வடக்குப்பட்டு என்ன வெளிநாடா, போயிருக்கலாம்னு நீங்க கேப்பீங்க. இன்சூரன்ஸ்காரன் அப்பீல் போவான், அது வரைக்கும் அந்தப் பக்கம் தலை காட்டாதன்னு வக்கீல் சொல்லி வெச்சிருந்தாரு. அப்பீல் வரல. நான் இன்னும் கொஞ்சம் இருந்து பாப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள அவங்க அப்பாவே என் கம்பெனி கேட்டுக்கு வந்துட்டாரு. கையில ஒரு பை நெறைய வேர்க்கடலை, அதுக்கு மேல மஞ்சள் கலர்ல பத்திரிகை.

"ஆபரேஷன் ஆயி இப்ப நேரா நடக்குது தம்பி. வேலைக்கும் போவுது"ன்னு என் கையைப் புடிச்சுக்கினாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. "எங்களுக்கு வேண்டியவங்க எத்தினி பேரு கீறாங்க, ஒருத்தன் வந்து நிக்கல. ஒட்டு இல்ல, உறவு இல்ல, வேண்டாத ஆளு நீ வந்து நின்ன. உன்னைச் சொல்லித்தான் நாங்க தெனம் ஜெபம் பண்றோம். கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துடணும். அதுவே சொல்லி அனுப்பிச்சுது."

மாப்பிள்ளை யாரு, என்னன்னு கேட்டேன். நல்ல எடம்தான். வேர்க்கடலையை வாங்கிக்கினேன். கல்யாணத்துக்குப் போகல. பந்தியில உக்காந்தா பக்கத்து இலைக்காரரு பேச்சுக்குக் கேப்பாருல்ல, நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்னு. சத்தியம் பண்ணிச் சொன்ன பதில் ஒண்ணு கைவசம் இருந்துச்சு. அதைத் திரும்பச் சொல்ல மனசு வரல.

அப்புறம் எனக்கும் கல்யாணம் ஆச்சு. பசங்க வேலைக்குப் போயிட்டாங்க. இந்தக் கதை என் வூட்டம்மாவுக்கு முழுசாத் தெரியும். நான் கொஞ்சம் சும்மா உக்காந்திருந்தா போதும், "இன்னா, வாய்தாவுக்குப் போயிட்டியா?"ம்பாங்க.

அந்த ரோடு இப்ப அகலமாயி, நடுவுல செடி வெச்சு, கன்டெய்னர் லாரியா ஓடுது. கொள்ளு காயப் போட்ட எடம் எதுன்னு குத்துமதிப்பாத்தான் சொல்ல முடியும். ஷிப்டு விடுற நேரத்துல கம்பெனி பசங்க ஹெல்மெட்டை டேங்க் மேல வெச்சுக்கினு பறக்குறதைப் பார்த்தா, சிக்னல்ல நிறுத்தி, தம்பி தலையில மாட்டுப்பான்னு சொல்றேன். முடி கலைஞ்சுடும் அங்கிள்ங்கிறாங்க. என் தலையைக் காட்டுறேன், மாட்டிக்கிறாங்க.

நான் இன்னும் மாட்டிக்கினுதான் போறேன். காப்பாத்துறதுக்கு முடி இல்லன்னாலும், ஒரகடம் கூட்ரோடு தாண்டுறப்ப கண்ணாடியை மட்டும் எறக்கி விட்டுக்குவேன், உள்ள மூஞ்சி என்ன பண்ணுதுன்னு ஊருக்குத் தெரிய வேணாம் பாருங்க. இத்தனை வருஷத்துல அதை மறந்துட்டேன் என்று சொன்னால் சரியல்ல.